பூனை வளர்க்கும் வீட்டில் மாடல் ரயில்: பலகை வாங்கும் முன் படிக்க

இதை எழுதும்போது என் மாடல் ரயில் பலகையில், ஊத்துக்குளி ஸ்டேஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில் என் பூனை வெண்ணெய் படுத்திருக்கிறான். நாலரைக் கிலோ எடை, வாலைச் சேர்க்காமல் 45 சென்டிமீட்டர் நீளம். என்னுடையது எச்.ஓ. ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் அவன் 39 மீட்டர் நீளப் பூனை. நிஜ எக்ஸ்பிரஸ் வண்டியில் வரும் எல்.எச்.பி. பெட்டி ஒன்றரை வைத்தாலும் அவன்தான் நீளம். அவனாக எழுந்து போகிறவரை அந்த லைனில் வண்டி கிடையாது. பலகையின் மூடியைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போனது என் தப்பு.

திருப்பூரில் எங்கள் வீடு. வெண்ணெய், கருப்பாயி என்று இரண்டு பூனைகள். மாடி அறையில் எட்டுக்கு நாலு அடிப் பலகையில் ஈரோடு–திருப்பூர் லைனில் ஒரு துண்டு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளப் பழகுவதற்குள் ஒரு இன்ஜின், இரண்டு மூடி, ஒரு மலை போய்விட்டன. ஒருமுறை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கும் ஓடியாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நான் தலைகீழாகப் போனேன், அதனால்தான் செலவு. இதில் சொல்லும் தொகைகள் எனக்கு ஆனவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. முதலில் கதவைப் பாருங்கள்

தாழ்ப்பாள் போடக்கூடிய தனி அறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடி இருந்தால் மட்டும் போதாது. பூனை எம்பித் தொங்கியே திறந்துவிடும். மேலே ஒரு சின்னத் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். ஹாலில்தான் இடம் என்றால் மூடி போட்ட மேசை தவிர வேறு வழியில்லை. அதற்கு ஐந்தாம் படியைப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பூனை வளர்க்க அனுமதி, சுவரிலும் கூரையிலும் ஆணி, கொக்கி அடிக்க அனுமதி. "அதுக்கென்னங்க, வெச்சுக்கோங்க" என்று வாயால் சொன்ன வீட்டுக்காரர், காலி செய்யும் நாளில் கதவில் இருக்கும் நகக்கீறலை எண்ணுவார். அடுக்குமாடியில் சங்கம் செல்லப்பிராணியே கூடாது என்று தீர்மானம் போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் அது சங்கத்துக்கு. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒப்பந்தத் தாள்தான்.

2. எந்த ஸ்கேல்?

பூனை இருக்கிற வீட்டுக்கு எச்.ஓ. எடுங்கள். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், இன்ஜினுக்கு ஓரளவு எடை இருக்கும், லேசான தட்டலைத் தாங்கும். ‘என்’ ஸ்கேல் 160-ல் ஒரு பங்கு, தண்டவாளம் வெறும் 9 மில்லிமீட்டர். இடம் குறைவாகப் பிடிக்கும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு ஒரே ஒரு பூனை முடி போதும், வண்டி தடம் புரளும். பெட்டியோ பூனையின் வாய்க்கு அளவாக இருக்கிறது. எலியைக் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொண்டு போய்விடும்.

எட்டுக்கு நாலு பலகை என்பது 2440-க்கு 1220 மில்லிமீட்டர். வெளி வட்டத்துக்கு 505 மில்லிமீட்டர் ஆரம் வைத்தால் பலகை விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர் மிஞ்சும். அதைக் குறைக்காதீர்கள். பூனை எப்போதும் விளிம்பு ஓரமாகத்தான் நடக்கும், நடக்கிற பாதையில் இருப்பதை ஒதுக்கித் தள்ளும். நான் நாலு சென்டிமீட்டர் விட்டிருந்தேன். என் முதல் இன்ஜின் மூன்றரை அடி உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தது.

3. பில், ஆதார், சுங்கவரி

மாடல் ரயில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விளையாட்டுப் பொருட்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. அதன் மேல் ஜி.எஸ்.டி. இந்த வரியைப் பொருள் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள். ஆர்டர் போடுவதற்கு முன் விலையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், அது தாங்குமா என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் கூரியர்காரர்கள் கையாளும் கட்டணம் என்று தனியாக ஒன்று வாங்குவார்கள்.

"இது பொம்மை இல்லைங்க, ஸ்கேல் மாடல்" என்று போனில் வாதாடிப் பார்த்தேன். பலனில்லை. 9503 என்ற அதே சுங்கத் தலைப்பில் ஸ்கேல் மாடல்களும் பேர் சொல்லியே அடங்கியிருக்கின்றன.

பார்சல் இந்தியா வந்ததும் அடையாளச் சான்று கேட்டு மெசேஜ் வரும். ஆதார் அல்லது பான், கடைக்காரர் கொடுத்த பில், பணம் கட்டிய ரசீது மூன்றையும் ஆர்டர் போட்ட அன்றே போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நான் ரசீதைத் தேடி எடுப்பதற்குள் நாலு நாள் போனது; பார்சல் மொத்தம் பதினாறு நாளில் வந்தது.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, விற்பவர் "விலையைக் குறைத்துப் போடட்டுமா, பரிசு என்று எழுதட்டுமா" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்கத்தில் மறுமதிப்புப் போட்டால் தலைவலி. வழியில் உடைந்தால் பில்லில் இருக்கும் தொகைக்குமேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. இரண்டு, அமெரிக்கச் செட்டுகளில் வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பான் செட்டில் 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு நொடியில் புகை. இங்கிலாந்து, ஐரோப்பியச் செட்டில் அந்தக் கவலை இல்லை, பின் மட்டும் மாற வேண்டும். எது வந்தாலும் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது பூனையை வெளியே விடுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலம், பிளாஸ்டிக் டை எல்லாம் அதற்குத் தின்பண்டம். எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு வெளி அட்டைப்பெட்டியை அப்படியே பூனைக்குக் கொடுத்துவிடுங்கள். பதினெட்டாயிரத்துக்கு வாங்கிய ரயிலை விட அந்தப் பெட்டிதான் அவர்களுக்குப் பிடிக்கும்.

4. பூனையின் கணக்கை முடித்துவிட்டு ரயிலைத் தொடுங்கள்

குட்டிக்கு எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து பூஸ்டர், பன்னிரண்டு வாரம் ஆனபின் வெறிநாய்க்கடி ஊசி, அதற்கப்புறம் டாக்டர் சொல்கிற கணக்கில் வருடா வருடம். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அவசரத்தில் புது டாக்டரிடம் ஓடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

முக்கியமானது கருத்தடை. ஐந்து, ஆறு மாதத்தில் செய்துவிடுங்கள். வளர்ந்த கடுவன் நின்றபடியே பின்பக்கம் பீய்ச்சி எல்லை குறிக்கும். புதிதாக வாசனை வருகிற பொருள்தான் அதன் முதல் குறி. புது பெயின்ட், புது பலகை, புது ரயில் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தனியார் மருத்துவரிடம் ஆண் பூனைக்கு 3,500, பெண்ணுக்கு 5,000 ஆனது. அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு ரொம்பக் குறைவு, முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும்.

அடுத்து உயரம். "மேசையை உயரமாப் போட்டா ஏறாதுங்க" என்று பலர் சொல்வார்கள். நல்ல பூனை நின்ற இடத்திலிருந்து ஐந்தடி தாவும். அதைத் தடுக்கப் பார்ப்பதை விட, ரயில் மேசையை விட உயரமான, அதை விட வசதியான ஓர் இடத்தை அதற்குக் கொடுத்துவிடுவது சுலபம். எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு மேல் ஆறடி உயரத்தில் ஒரு பலகை அடித்து, பழைய பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். கீழே போகிற கறிக்கடை வண்டி தெரிகிற மாதிரி இடம். இரண்டு நாளில் கருப்பாயிக்கு அது சொந்தமாகிவிட்டது.

நகம் கூர்தீட்ட ஒரு தூணும் வேண்டும். கடையில் இரண்டாயிரம் சொல்கிறார்கள். நாலு அங்குல பி.வி.சி. குழாயில் பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு சுற்றினால் ஐந்நூறு, அறுநூறில் முடியும். பத்து மில்லிமீட்டர் கயிறு என்றால் ஒரு மீட்டர் உயரத்துக்கு 38 மீட்டர் தேவை. நான் மதிப்பாக 15 மீட்டர் வாங்கினேன், முழங்கால் உயரத்தில் தீர்ந்துபோனது.

மலத்தட்டு பூனை எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், ரயில் அறைக்கு வெளியே.

5. மேசையும் மூடியும்

12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு ஷீட் 2,600, கீழ்ச் சட்டத்துக்கு மரம் 2,800, ஆசாரிக்கு ஒன்றரை நாள் கூலி 1,800. ஈரம் தாங்குகிற பிளைவுட்டாகவே வாங்கிவிடுங்கள். மலிவுப் பலகை வாங்கிக் கரையான் மருந்து அடிக்கலாம் என்று நினைத்தால், அந்த மருந்து பலவும் பூனைக்கு விஷம். மேசைக்குக் கீழே சுற்றிலும் ரப்பர் பாய் விரியுங்கள். என் முதல் இன்ஜினுக்கு அது இல்லாமல் போனது.

மூடி விஷயத்தில் நான் மூன்று முறை செலவு செய்தேன்.

முதலில் அம்மாவின் பழைய சேலை. தூசிக்கு நல்லது. ஆனால் வெண்ணெய்க்கு அது தூளி. நடுவில் குதித்துப் படுத்தான். சேலை இறங்கி இரண்டு சிக்னல் கம்பமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் முறிந்தன. "ஏனுங்க, எடுத்துப் போட்டது நீங்க, திட்டு மட்டும் அவனுக்குங்களா?" என்று வீட்டம்மா கேட்டார். பதில் இல்லை.

இரண்டாவது, குழாயில் சட்டம் கட்டிக் கரூர் கொசுவலைத் துணி. மீட்டர் கணக்கில் வாங்கினால் ரொம்ப மலிவு, காற்றோட்டமும் உண்டு. ஒரு வாரம் நின்றது. ஒரு பல்லி அதில் ஊர்ந்த ராத்திரி மூலையிலிருந்து மூலைக்குக் கிழிந்தது.

மூன்றாவதுதான் இன்றைக்கும் இருக்கிறது. நாமக்கல் பக்கம் கோழிக் கூண்டுக்குப் போடும் அரை அங்குல வெல்டட் மெஷ். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அலுமினிய எல் ஆங்கிளில் நாலுக்கு நாலு அளவில் இரண்டு மூடிகள், உள்பக்கம் தூசிக்கு அதே கொசுவலை. ஒரே பெரிய மூடியாகச் செய்தால் ஒருவரால் தூக்க முடியாது. கூரையில் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய கொக்கி சும்மா இருந்தது. அதில் ஒரு கப்பி மாட்டிக் கயிற்றால் இழுத்துத் தூக்குகிறேன். மொத்தம் 4,300. மெஷ் இரும்பு, ஆகவே பக்கச் சட்டம் பதினைந்து சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும். தண்டவாளத்தில் பட்டால் ஷார்ட்.

விளிம்பில் அலுமினிய ஃபாயில் விரித்தால் பூனை மிதிக்காது என்று ஒரு யோசனை எங்கும் உலவுகிறது. மிதிக்காது, உண்மைதான். ஆனால் ஒரு ஓரம் சுருண்டு தண்டவாளத்தில் விழுந்தால், வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் போச்சு. விளிம்புக்கு இருபக்கப் பசை டேப் ஒட்டுங்கள், அந்தப் பிசுபிசுப்பு பூனைக்கு ஆகாது.

6. கரண்ட்

தண்டவாளத்தில் ஓடும் 12 வோல்ட்டால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது அடாப்டருக்கு முன்னால் இருக்கும் 230 வோல்ட் ஒயருக்கு. குட்டிகள் கடிக்கும். அந்த ஒயர் முழுக்க கேசிங் பட்டிக்குள் போகட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள், மேசைக் காலில் திருகி வையுங்கள். அறை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்துப் பட்டையில் மணி, சங்கிலி வேண்டாம். தண்டவாளத்துக்கு மேல் குனிந்தால் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும். சாதாரண டி.சி.யில் வண்டி ஓடும்போது மட்டும்தான் தண்டவாளத்தில் கரண்ட். டி.சி.சி. என்கிற டிஜிட்டல் முறையில் வண்டி நின்றாலும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், ஆகவே அங்கே இன்னும் கவனம். டி.சி.சி. வைத்திருப்பவர்கள் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் ஒயரில் 12 வோல்ட் 21 வாட் கார் பிரேக் லைட் பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டிவிடுங்கள். ஷார்ட் ஆனால் பல்ப் எரியும், மிச்சம் பிழைக்கும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் இருபது, முப்பது ரூபாய் சமாச்சாரம்.

கன்ட்ரோலரின் மேற்பகுதி இதமாகச் சுடும். பூனைக்கு அதை விடப் பிடித்த இடம் மார்கழியில் வேறு இல்லை. சாய்வாக ஒரு கூரை மாதிரிப் பலகை வைத்துவிடுங்கள், காற்று போக இடம் விட்டு.

7. ஜல்லி, மண், மலை

இதில் ஒரே விதி: மலத்தட்டில் என்ன போடுகிறீர்களோ, அது பலகையில் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் தட்டில் போடுவது தேங்காய் நார்த்தூள். மலிவு, வாடையை இழுத்துக்கொள்ளும். அதே தூளை உழுத காடு மாதிரி தெரியட்டும் என்று பலகையிலும் தூவினேன். பார்க்க அசலான செம்மண் காடு. மறுநாள் காலையில் அதன் நடுவில் கருப்பாயி குழி தோண்டி, வேலையை முடித்து, ஒழுங்காக மூடியும் வைத்திருந்தாள். அவள் மேல் என்ன தப்பு?

ஜல்லிக்கு எம் சாண்டைச் சலித்து எடுத்தால் காசே இல்லை. ஆனால் ஒட்டிக் காய்கிறவரை அது பூனைக்கு மணல்தான். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றி, முழுதாக ஒரு நாள் கதவைப் பூட்டி வையுங்கள். ஒரே நாளில் முழு லைனையும் போடாமல், ஒரு வாரத்தில் இரண்டடி, மூன்றடியாகப் போடுவது நல்லது.

மலைக்குத் தெர்மாகோல் வேண்டாம். நான் ஆசையாகச் சென்னிமலை செய்து அதில் ஒரு குகை வழியும் வைத்தேன். ஈரோடு–திருப்பூர் லைனில் குகையே கிடையாது, இருந்தாலும் குகையில்லாமல் என்ன மாடல் ரயில் என்று ஒரு நப்பாசை. இரட்டை லைன் குகை வாய் பதினோரு சென்டிமீட்டர் அகலம். பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வெண்ணெய் உள்ளே போய்த் திரும்ப முடியாமல் மலையைப் பிய்த்துக்கொண்டு முருகன் கோயில் வழியாக வெளியே வந்தான். அந்த வெள்ளை உருண்டைகள் இன்னும் அலமாரிக்கு அடியில் அகப்படுகின்றன. குகை வேண்டுமென்றால் தூக்கி எடுக்கிற மாதிரி மலை செய்யுங்கள், ஒற்றை லைன் வாய் போதும்.

மூத்திரம் போய்விட்டால்: முதலில் கரண்டைப் பிடுங்குங்கள், உறிஞ்சித் துடையுங்கள், தண்ணீரில் துடையுங்கள், பூனை மூத்திரத்துக்கென்று விற்கும் என்சைம் திரவம் போடுங்கள். பினாயில் பக்கமே போகாதீர்கள். பினாயில் வகைத் திரவங்கள் பூனைக்கு விஷம். மிதித்த காலை நக்கினாலே ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனர் பூனைக்கு மூத்திர வாடையாகவே தெரியும், அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

பூனையை விரட்ட அந்துருண்டை போடச் சொல்வார்கள், நீலகிரித் தைலம் தெளிக்கச் சொல்வார்கள். ஊட்டிக்குப் போய்வந்த உறம்பரை ஒரு பாட்டில் தைலமே வாங்கி வந்து கொடுத்தார். இரண்டும் பூனையின் ஈரலையும் நரம்பையும் கெடுக்கும். கூடவே கூடாது.

8. நூல், ஒயர், காந்தம்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

திருப்பூரில் நூலுக்குப் பஞ்சமா? மேல்நிலை மின்கம்பி செய்ய எதிர்வீட்டுக் கம்பெனியில் ஒரு கோன் ஓவர்லாக் நூல் கேட்டு வாங்கி, கம்பத்துக்குக் கம்பம் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கம்பிதான். ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நூலைக் காணோம். கருப்பாயி மூலையில் உட்கார்ந்து எச்சில் ஒழுக வாயை வாயை நக்குகிறாள். இரண்டு முறை வாந்தி. வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு அடியில் வெள்ளையாக நூல் சுற்றியிருக்கிறது, மறுமுனை தொண்டைக்குள்.

அம்மா "இரு கண்ணு, நான் இழுத்துடறேன்" என்று கை வைக்கப் போனார். நல்லவேளை, போனில் டாக்டர் இருந்தார். "தொடாதீங்க, இழுக்காதீங்க, அப்படியே தூக்கிட்டு வாங்க" என்றார்.

காரணத்தை அப்புறம் விளக்கினார். ஒரு முனை நாக்கில் மாட்டியிருக்க, மறுமுனையைக் குடல் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சேலைக் கொசுவம் மாதிரி குடல் சுருங்கும். நாம் வெளியே இழுத்தால் அந்த நூலே ரம்பம் போலக் குடலை அறுத்துவிடும். மயக்கம் கொடுத்து நாக்கில் இருந்த சுற்றை அறுத்தார்கள். எக்ஸ்ரேயில் நூல் தெரியாது. குடல் சுருங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து, மூன்றாம் நாள் தட்டில் நூல் வந்து சேர்ந்தது. 6,200 ரூபாய். சீக்கிரம் போனதால் ஆபரேஷன் இல்லாமல் தப்பினாள்.

ஆகவே கம்பங்களை மட்டும் நடுங்கள், கம்பி வேண்டாம். கண் பழகிவிடும். ஒயர் வெட்டிய துண்டு, ஈயப் பற்று உருண்டை, செயற்கைப் புல் இழை எல்லாவற்றையும் வேலை முடிந்த அன்றே பெருக்குங்கள். அதைவிட மோசம் பொத்தான் அளவுக் காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அந்த இடம் ஓட்டையாகும்.

இப்போதே செய்ய வேண்டியது: பலகையில் பயன்படுத்திய ஒவ்வொரு பொருளிலும் ஒரு துளி எடுத்து, பேர் எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள். எதைத் தின்றது என்று டாக்டரிடம் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் போன் எடுப்பார் என்று இப்போதே விசாரித்து நம்பரை வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் நம் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பூரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம், அதற்கும் தயாராக ஒரு கூடை வேண்டும்.

9. எப்போது ஓட்டுவது

விடியற்காலையும் விளக்கு வைக்கும் நேரமும் பூனைக்கு வேட்டை நேரம். அப்போது ஓடுகிற எதுவும் எலி. நான் இரவு எட்டரைக்கு மேல்தான் ஓட்டுகிறேன். எட்டு மணிக்குக் கால் மணி நேரம் கயிற்றில் துணி கட்டி விளையாட்டு, உடனே சாப்பாடு. தின்றபின் தன்னைத்தானே நக்கும், தூங்கும். ஒரு மணி நேரம் உங்களுக்குச் சொந்தம்.

முதல் வாரம் பூனையை அறையில் வைத்துக்கொண்டே ஒரே வண்டியை ஒரே வேகத்தில் சுற்ற விடுங்கள். நிஜத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் எச்.ஓ.வில் நொடிக்கு 13 சென்டிமீட்டர் அளவு. அந்த வேகத்தில் சுற்றிச் சுற்றி வருவது பூனைக்குச் சலித்துவிடும். நின்று நின்று போவது, மறைந்து வெளிவருவது இரண்டும்தான் தாவ வைக்கும். பெட்டிகளைக் கழற்றிக் கோர்க்கும் ஷண்டிங் வேலையைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். அதன் காதைக் கவனியுங்கள். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், பூனைக்கு 64 வரை கேட்கும். காது பின்னால் படிந்தால் மோட்டாரின் கீச்சு அதற்கு ஆகவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் பீய்ச்சி விரட்டாதீர்கள். கரண்ட் பக்கத்தில் தண்ணீர் எதற்கு?

10. முடி

பூனை முடியோடு திருப்பூர்ப் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் கம்பளி நெய்யலாம். ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்தே வைக்க முடியாது. வாரம் ஒருமுறை கை வேக்குவம் கிளீனர் வாயில் ஒரு துண்டு வலைத்துணியை ரப்பர் பேண்டால் கட்டி உறிஞ்சுங்கள். விளக்கு, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் மாதிரிச் சின்னச் சாமான் உள்ளே போகாமல் வலையில் நிற்கும்.

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், கரண்டை அணைத்துவிட்டு. வாடை போன பிறகுதான் பூனை உள்ளே வரலாம். நம் ஊரில் எதற்கும் கை போவது பனியன் வேஸ்ட்டுக்குத்தான். அது வேண்டாம், அதன் இழை ஒட்டிக்கொண்டு முடியோடு சேர்ந்து சக்கரத்தில் சுற்றும். பழைய வேட்டித் துண்டு நல்லது. உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

மாதம் ஒருமுறை இன்ஜினைக் கவிழ்த்து அச்சில் சுற்றியிருக்கும் முடியை மெல்லிய சாமணத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஊசியால் ஓரிடத்தில் தூக்கி, சின்னக் கத்தரியால் வெட்டி, இரண்டு பக்கமும் உருவுங்கள். பல்சக்கரத்துக்குள் போய்விட்டால் சத்தம் மாறும், இன்ஜின் சூடாகும். அப்போதும் ஓட்டினால் மோட்டார் போய்விடும். எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். மார்கழியில் உறைந்துவிடும், மற்ற மாதத்தில் பூனை வந்து நக்கும்.

இதெல்லாம் செய்வதை விட, பூனையைத் தினமும் ஐந்து நிமிடம் சீவிவிட்டால் முடி பாதியாகக் குறையும். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

11. நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது

இன்ஜின்களை அதனதன் பெட்டிக்குள் வையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூடியை இறக்கிக் கொக்கி மாட்டுங்கள். அறைக்குள் பூனை இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்; தூங்குகிற பூனை கூப்பிட்டால் வராது.

பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கும்போது ரயில் அறைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குச் சோறு வைக்க மட்டும்தான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து அறையைத் திறந்தால் பிளக் சொருகியிருக்கிறது, கன்ட்ரோலரைத் தொட்டால் இன்னும் சூடு ஆறவில்லை.